ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்வி

அன்பு மகள் வாலுக்கு,

அப்பா எழுதுவது. நான் இங்கே உடம்பளவில் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே எல்லா அளவிலும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. இரண்டாவது நினைப்பு, அடுப்படியில் சத்தமே கேட்கவில்லையே என்பது. நாற்பதை நெருங்குகிற பெண்ணை இன்னும் வாலு என்று கூப்பிடாதீர்கள் என்று உன் அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், நான் காதில் போட்டுக்கொண்டதில்லை, இப்போதும் போட்டுக்கொள்ளாமல்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் சமாளித்துவிடுவேன் கண்ணு. நீ ஏதாவது கேட்டால் நான் மழை பெய்ததைச் சொல்வேன், நீ மறுபடி கேட்டால் மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்பேன், அதற்குள் உனக்கு வேலைக்குக் கிளம்பும் நேரம் வந்துவிடும். எழுத உட்கார்ந்தால்தான் எனக்கு உண்மை வரும், அதுவும் சுலபத்தில் வராது. இது மூன்றாவது தடவையாக எழுதுகிற கடிதம். முதலில் எழுதியது ஒரே பக்கம், அழகாக இருந்தது, அதில் ஒன்றுமே இல்லை. இரண்டாவதில் விஷயம் இருந்தது, நான் இல்லை. இரண்டையும் கிழித்துப் போட்டாயிற்று.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், அதைக் கேட்டால்தான் உனக்கு மற்றது படிக்க ஓடும். அடுப்படிக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததே, அதை நானே சரி செய்தேன், இப்போது முன்னைவிட நன்றாக ஒழுகுகிறது. சோறு வடிக்கப் பழகிவிட்டேன், ஒரு நாள் கஞ்சியாகவும் ஒரு நாள் கல்லாகவும் வருகிறது, சராசரி எடுத்தால் சரியாக இருக்கும். ஒரு பாத்திரம் கருகிப் போனதை உன்னிடம் சொல்லவில்லை, சின்னக் கைப்பிடி வைத்தது, அம்மாவுக்குப் பிடித்தது, அதைத் தேய்த்துத் தேய்த்து என் விரல்தான் தேய்ந்தது. பால்கனி ரோஜாச் செடியில் மூன்று மொட்டு விட்டிருக்கிறது. அம்மாவின் செருப்பு வாசலில் அப்படியேதான் இருக்கிறது, நீ எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனாய், நான் துடைத்துத் துடைத்து அதே இடத்தில் வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கீழ்வீட்டுத் தையல்காரம்மா வாரத்துக்கு இரண்டு நாள் ஏதாவது செய்து மூடி எடுத்து வருகிறாள், வந்தால் கதவுக்கு வெளியிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போய்விடுவாள், உள்ளே வர மாட்டாள். அவளுக்கும் அம்மா இல்லாத கூடத்தைப் பார்க்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். காரணம் அதுமட்டும் இல்லை என்று இப்போது தெரிகிறது.

அம்மாவின் காரியம் முடிந்து கிளம்பின அன்று விமான நிலையத்தில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கும். பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டவள் திரும்பி வந்து, காவலரிடம் ஏதோ சொல்லிக் கெஞ்சிவிட்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டாய். "அம்மா உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையாப்பா? ஒரு வார்த்தைகூடவா சொல்லலை?" நான் ஒண்ணும் சொல்லலைம்மா என்றேன். உன் முகத்தில் ஒரு மாதிரி ஆறுதல் வந்தது, எனக்குத் தெரிந்தது. அம்மா யாருக்கும் சொல்லாமல் போய்விட்டாள், அவள் சுபாவம் அப்படி, யார் மீதும் தப்பில்லை என்று நீ மனதை ஆற்றிக்கொண்டு விமானம் ஏறினாய். நானும் அன்றைக்கு மனசறிந்து பொய் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னது பொய்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதைப் படித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் வராமலே போகலாம் என்று எனக்குத் தெரியும். ஐந்து வாரமாக அந்தப் பயத்தில்தான் சொல்லாமல் இருந்தேன்.

என் வேலையைப் பற்றி உனக்குத் தெரியும், ஆனாலும் ஒரு தடவை சொல்கிறேன், அதில்தான் எல்லாம் இருக்கிறது. சந்திரனில் தண்ணீர் உண்டா என்பதிலிருந்து சட்டைக் காலரில் மை பட்டால் எப்படிப் போக்குவது என்பது வரை எங்கள் பத்திரிகையில் இல்லாத சமாசாரம் கிடையாது. எண்பத்து நான்கு பக்கம், மாதம் இரண்டு இதழ், வாசகர் கேள்விப் பகுதி மட்டும் ஒன்பது. அதில் ஏழுக்கு நான்தான் ஆள். தோட்டப் பக்கத்தில் நான் தோட்டக்காரர், பயணப் பக்கத்தில் ஊர்சுற்றி, சமையல் பக்கத்தில் அக்கா. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உன் சிநேகிதியின் அம்மா அந்த அக்காவின் விலாசம் கேட்டு அனுப்பினாளே, நீ வீட்டுக்கு வந்து அழுதாய், அப்பா ஏன் அக்காவாக இருக்கிறார் என்று. அம்மா சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. மருத்துவமும் பல்லும் மட்டும்தான் நான் எழுதுவதில்லை, அவற்றுக்கு உண்மையான டாக்டர்கள் உண்டு, வாரத்தில் ஒரு நாள் நான் போனில் கேள்விகளைப் படிப்பேன், அவர்கள் பதில் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன். பகுதி எதுவானாலும் ஒரே விதி, பக்கத்தின் அடியில் கட்டம் போட்டு அச்சாகும், ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்வி மட்டும். ஜனங்கள் அதைப் படிப்பதே இல்லை, முதுகுவலியில் ஆரம்பித்து முருங்கைக்காயில் முடிப்பார்கள். அதனால் நான் மேஜையில் கத்தரிக்கோல் வைத்திருப்பேன். இரண்டு கேள்வி இருந்தால் தாளை நடுவில் வெட்டி, ஆளுக்கொரு தட்டில் போட்டுவிடுவேன். அப்புறம் சிவப்புப் பேனா. எவ்வளவு நீளமானாலும் கேள்வி எட்டு வரிக்குள் வர வேண்டும். முப்பத்தோரு வருடமாக அதைச் செய்கிறேன், கைக்குத் தெரியும், கண் பார்க்கவே வேண்டாம் என்று பெருமையாகச் சொல்வேன். கண் பார்க்கத்தான் இல்லை.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டைப் பொத்தான் தைக்க அம்மாவின் நூல் டப்பாவைத் திறந்தேன். பிஸ்கட் வந்த அந்த வட்டத் தகரடப்பாதான், நீ சின்ன வயதில் பிஸ்கட் என்று நினைத்துத் திறந்து ஏமாந்து போவாயே, அது. நூலுக்கு அடியில் மடித்து வைத்த காகிதங்கள் இருந்தன. எங்கள் பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்த கேள்வி பதில்கள், ஒவ்வொன்றும் தனித்தனி வெள்ளைத்தாளில் ஒட்டியிருந்தது. ஒன்றில் மட்டும் இரண்டு துண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று, விளிம்போடு விளிம்பாகச் சேர்த்து ஒட்டியிருந்தது. மேலே இருந்தது முப்பத்து நான்காம் பக்கம், பொது மருத்துவம். கீழே இருந்தது அறுபத்தொன்றாம் பக்கம், பல். இரண்டும் ஒரே இதழ். மற்ற பேர் பார்த்தால் ஏதோ உபயோகமான குறிப்பு என்று சேர்த்து வைத்திருக்கிறாள் என்பார்கள். எனக்கு என் வாக்கியங்கள் தெரியும், யாருடைய கேள்வியானாலும் வெட்டி முடித்த பிறகு அது என் சாயலுக்கு வந்துவிடும். ஆனால் இந்த இரண்டையும் யார் சேர்த்து ஒட்டுவார்கள்? இரண்டும் ஒரே கடிதம் என்று தெரிந்தவர்கள்தானே. அது தெரிந்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான், வெட்டினவன், அதையும் மறந்து போனவன். இன்னொருத்தர் எழுதினவர்.

பொத்தான் இல்லாத சட்டையோடு கீழே இறங்கிப் போனேன். தையல்காரம்மா மெஷினில் உட்கார்ந்திருந்தாள், என் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள். நான் கேட்பதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள். ஆமாம் சார், நான்தான் எழுதிக் கொடுத்தேன், அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன், தபால்பெட்டியிலும் நான்தான் போட்டேன், மொத்தம் நாலு கடிதம் என்றாள். ஏன் உன்னை எழுதச் சொன்னாள் என்று கேட்டதற்கு, அக்காவின் எழுத்து உங்களுக்குத் தெரிந்துவிடுமாம் என்றாள். சரி, எனக்கு எதற்குத் தபாலில் எழுத வேண்டும், நான் என்ன வெளியூரிலா இருந்தேன், ஒரே கூடத்தில்தானே உட்கார்ந்திருந்தேன் என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவள் தைத்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்தபடியே, அம்மா சொன்னதை அப்படியே சொன்னாள். "வீட்டுல சொன்னா அவருக்குக் காதுல விழாது. தபால்ல போனா ரெண்டு தடவை படிப்பார்." இதைச் சொல்லிவிட்டு அக்கா சிரிச்சாங்க சார், வருத்தமாச் சொல்லலை என்றும் சொன்னாள். எனக்காகச் சொன்னாளோ, நிஜமாகவே அப்படித்தானோ தெரியாது. உன் அம்மா சிரித்திருப்பாள் என்றுதான் நானும் நினைக்கிறேன். வாயிலிருந்து வந்தால் நான் ம் என்பேன், காகிதத்தில் வந்தால் நிமிர்ந்து உட்காருவேன் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்.

மறுநாள் ஆபீசில் பழைய கடித அறைக்குப் போனேன். கடிதங்களை இரண்டு வருடம் வைத்திருப்போம், பகுதிவாரியாகக் கட்டி, மாதம் எழுதி, இரும்பு அலமாரியில் அடுக்கியிருக்கும். தையல்காரம்மாவின் குண்டு எழுத்தைத் தேடி நாலு நாள் உட்கார்ந்தேன். முதலில் கிடைத்தது தோட்டக் கட்டில். பால்கனியில் ரோஜா வைத்திருக்கிறேன், இலை மட்டும் தழைக்கிறது, பூ இல்லை, என்ன செய்யலாம். என்னைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள், பதில் வருகிறதா என்று. கிளையை வெட்டி விடுங்கள், வெயில் படும் பக்கம் திருப்பி வையுங்கள், பேச்சுக் கொடுங்கள், செடியும் மனிதர்களைப் போலத்தான் என்று தோட்டக்காரர் ஜோராக எழுதியிருக்கிறார். அந்தச் செடிக்கும் எனக்கும் நடுவே எட்டு அடி தூரம், ஒரு நாளும் எழுந்து போய்ப் பார்த்தது கிடையாது. அடுத்தது சமையல் கட்டில். மகள் வெளிநாடு போய்விட்டாள், வீட்டில் இரண்டே பேர், எவ்வளவு குறைத்துச் செய்தாலும் மிஞ்சிப் போகிறது, அளவு சொல்லுங்கள் அக்கா என்று கேட்டிருக்கிறாள். அக்கா டம்ளர் கணக்கில் அளவு சொல்லியிருக்கிறாள். நான் சிவப்புப் பேனாவால் அடித்திருந்த வரிகளை இப்போதுதான் படித்தேன். மகள் போய் ஒன்பது வருடம் ஆகியும் கை மூன்று பேருக்குத்தான் அளக்கிறது, மிஞ்சியதை எடுத்து வைக்கும்போது அவள் சாப்பிட்டாளோ என்று நினைப்பு வரும் என்று இருந்தது. அளவுக்கு அது தேவையில்லை என்று அடித்திருக்கிறேன். மூன்றாவது பயணக் கட்டில். வயதான தம்பதி, கணவருக்கு விடுமுறை குறைவு, மூன்று நாள் கடலோரம் போக வேண்டும், அதிகம் நடக்க முடியாது, எந்த இடம் நல்லது. ஊர்சுற்றி அரைப்பக்கம் எழுதியிருக்கிறார், காலையில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் சூரியன் தெரியும் என்பது வரைக்கும். கடைசியில் உங்கள் கணவரைக் கையோடு பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள் அம்மா என்று வேடிக்கை வேறு. அந்த இதழ் வந்த வாரம் அம்மா அந்தப் பக்கத்தை விரித்து டீ மேஜையில் வைத்திருந்தாள். நான் டீ டம்ளரை அதன்மேல் வைத்தேன். ஒட்டி வைத்திருந்த துண்டில் அந்த வட்டக் கறை இருக்கிறது வாலு.

நாலாவது கடிதம் இரண்டு கட்டில் இருந்தது. மேல் பாதி மருத்துவத்தில், கீழ் பாதி பல்லில். இரண்டையும் மேஜையில் வைத்துச் சேர்த்தேன், கத்தரித்த விளிம்பு மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தியது, என் கை அப்படி. மேல் பாதியில், வயது அறுபத்திரண்டு, சில மாதமாக எதைச் செய்தாலும் களைத்துப் போகிறேன், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே குப்பென்று வியர்க்கிறது, தூக்கம் இல்லை என்று எழுதியிருந்தது. கீழ் பாதியில், மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன், படி ஏறும்போதெல்லாம் கீழ்த்தாடை வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது, மறுபடி ஏறினால் மறுபடி வருகிறது, பல்லில் சொத்தை ஒன்றும் இல்லை. தாடை என்று பார்த்ததும் பல் என்று வெட்டிவிட்டேன். வெட்டியது போதாதென்று, பல்லுக்கும் மாடிப்படிக்கும் என்ன சம்பந்தம் என்று படியையும் அடித்தேன், நின்றால் போய்விடுகிறது என்பதையும் அடித்தேன். அச்சில் வந்தது, அடிக்கடி கீழ்த்தாடை வலிக்கிறது, பல்லில் சொத்தை இல்லை, என்ன செய்யலாம், அவ்வளவுதான். பல் டாக்டர், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களோ என்னவோ, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள், குறையாவிட்டால் நேரில் காட்டுங்கள் என்றார். மருத்துவர், இந்த வயதில் பெண்களுக்கு இப்படி இருப்பது சகஜம், இரத்தச் சோகை இருக்கிறதா என்று பாருங்கள், மாலையில் கொஞ்சம் நடங்கள் என்றார். இரண்டு பேர் மீதும் தப்பில்லை, அவரவருக்கு நான் படித்துக் காட்டிய பாதிக்கு அவரவர் சரியாகத்தான் சொன்னார்கள்.

மருத்துவரிடம் நேரிலேயே போனேன். போனில் படிக்க எனக்குத் தைரியம் இல்லை. யாருடையது என்று சொல்லாமல், சேர்த்து வைத்த தாளை அவர் மேஜையில் வைத்தேன். அவர் படித்து முடிப்பதற்குள்ளேயே கண்ணாடியைக் கழற்றினார். "இது இதயம். படி ஏறினா தாடை வலி, நின்னா போயிடுது, கூடவே களைப்பு, வியர்வை. சேர்த்துப் படிச்சிருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருப்பேன்." அப்புறம் இந்த அம்மா இப்போ எப்படி இருக்காங்க என்று கேட்டார். நான் சொன்னேன். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள், அந்த மனிதர் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. அம்மா சாயங்காலத்தில் உப்புத் தண்ணீர் கொப்பளிப்பாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில். குளியலறையிலிருந்து சத்தம் கேட்கும். எனக்கு ப்ரூப் பார்க்கத் தொந்தரவாக இருக்கிறது என்று ஒரு நாள் எதற்கு இது என்று கேட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, பத்திரிகையில போட்டிருந்தாங்க என்றாள், சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, பத்திரிகையில் போடுகிறதை எல்லாம் நம்பாதே, எழுதுகிறவன் நான்தானே என்றேன். பெரிய நகைச்சுவை. அவளும் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் அன்றைக்கு எனக்குக் கொடுத்த சந்தர்ப்பம் அது. அதற்கப்புறம் ஏழு வாரம் உயிரோடு இருந்தாள், எண்ணிப் பார்த்துவிட்டேன். அந்த ஏழு வாரமும் தினமும் காய் வாங்கப் படி இறங்கி ஏறினாள். கடைசி நாள் காலை பதினொரு மணிக்கு இரண்டாம் மாடித் திருப்பத்தில் பை விழுந்து வெங்காயம் உருண்டு தையல்காரம்மாவின் வாசல் வரைக்கும் வந்தது. நான் அச்சுக்குப் போகிற நாள் என்று ஆபீசில் இருந்தேன். மற்றது உனக்குத் தெரியும்.

அதனால் நீ விமான நிலையத்தில் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் இதுதான். அம்மா சொன்னாள். வாயால் சொன்னாள், நான் ம் என்றேன். எழுதிச் சொன்னாள், நான் வெட்டினேன். கொப்பளித்துக் காட்டினாள், நான் சிரிப்புக் காட்டினேன். இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும் சொல்லு. அம்மா மனதில் வைத்துப் புழுங்கிப் போனாள் என்று நீ யாரிடமாவது சொல்லியிருந்தால், அதை மாற்றிச் சொல்லிவிடு, அது அவளுக்குச் செய்கிற அநியாயம். ஆசிரியரிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர், இது யாருக்கும் நேரக்கூடியது, நீங்கள் ஒரு மாதம் லீவில் இருங்கள் என்றார். லீவு வேண்டாம், திருத்தம் போட வேண்டும் என்றேன். கேக்குக்கு ஒரு கரண்டி சோடா உப்பு என்பதற்குப் பதில் ஒரு கப் என்று அச்சாகிவிட்டால் திருத்தம் போடுகிறோம், இதற்குப் போடக்கூடாதா என்று கேட்டேன். சரி என்றார். இந்த இதழில் முப்பத்து நான்காம் பக்கம் முழுக்க அம்மாவின் கேள்விதான், ஒரு சொல் வெட்டாமல் அவள் சொன்னபடியே வந்திருக்கிறது, கீழே மருத்துவரின் புதுப் பதில். இப்படி வலி இருப்பவர்கள் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் இன்றைக்கே போய்க் காட்டுங்கள் என்று எழுதியிருக்கிறார். அடியில் இருந்த கட்டத்தையும் எடுக்கச் சொல்லிவிட்டேன், இனி ஒரு கடிதத்தில் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். அந்தப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். கேட்டவர் பெயர் இருக்கிற இடத்தில் அம்மா சொன்னபடியே மூன்றாம் மாடி வாசகி என்று போட்டிருக்கிறது. முதல் தடவை அதையும் இடம் இல்லை என்று எடுத்துவிட்டேன்.

இப்போது உன் விஷயம். போன மாதம் நீ பேசும்போது, கொஞ்ச நாளாக ஆபீஸ் விட்டு வந்தால் நிற்கக்கூட முடியவில்லையப்பா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாய். நான் குளிர்காலம் இல்லையா அப்படித்தான் இருக்கும், சீக்கிரம் படுத்துத் தூங்கு என்றேன். அது பதில் இல்லை கண்ணு, அது பழக்கம். அதை மறந்துவிடு. இந்தக் கடிதம் கிடைத்த வாரத்திலேயே டாக்டரிடம் போ. போகும்போது எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போ, தலைவலி, கால்வலி, அம்மா எப்படிப் போனாள், அப்பா எப்படிப்பட்ட ஆள், எல்லாம் எழுது, பாதியை ஒருத்தரிடமும் பாதியை இன்னொருத்தரிடமும் சொல்லாதே. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, அவர் வேலை இருக்கிறது என்றால் நான் சொன்னேன் என்று சொல். அவர் நல்லவர், ஆனால் நானும் நல்லவன் என்றுதான் ஊரில் பேர்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. இதை இந்த மூன்றாவது கடிதத்திலும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், கை வரவில்லை. அந்தக் கீழ் பாதியில், தாடை வலிக்குக் கீழே, கடைசியாக இரண்டு வரி இருந்தது. தையல்காரம்மாவின் எழுத்து இல்லை, அம்மாவின் சொந்த எழுத்து. கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் வாங்கித் தானே எழுதியிருக்கிறாள், எனக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தவள், தெரியட்டும் என்றே எழுதியிருக்கிறாள். பதில் அச்சில் வராவிட்டாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வந்து சொன்னாலும் போதும். இவ்வளவுதான். அந்த இரண்டு வரியின் மேலே குறுக்காக என் சிவப்புக் கோடு போகிறது. படித்துவிட்டு அடித்தேனா, படிக்காமல் அடித்தேனா என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், ஞாபகம் இல்லை. திருத்தத்தில் எல்லாவற்றையும் போட்டேன், இந்த இரண்டு வரியை மட்டும் போடவில்லை. அது வாசகர்களுக்கு எழுதியது இல்லை.

நீ நீண்ட ஆயுளோடு, நோய் நொடி இல்லாமல், சொன்னால் காதில் வாங்குகிற மனிதர்களுக்கு நடுவில் இருக்க வேண்டும், இதுதான் என் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கும் அதே. ரோஜா பூத்ததும் போட்டோ அனுப்புகிறேன். டாக்டரிடம் போவதை மறக்காதே, போய்விட்டு வந்து என்ன சொன்னார் என்று முழுதும் எழுது, எத்தனை பக்கம் ஆனாலும் சரி. என்னைத் திட்டியும் எழுது, ஒரு வரி விடாமல் படிப்பேன், இரண்டு தடவை படிப்பேன். பதில் எழுத மனம் வராவிட்டாலும் பரவாயில்லை வாலு. வீட்டுக்கு வந்து சொன்னாலும் போதும்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியிலிருந்து,
உன் அப்பா